பிராண்டை வெளிநாட்டுக் கூட்டாளி பெயரில் பதியலாமா?

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்துக்கு மூன்று வயது. வெளிநாட்டு விநியோகஸ்தர் ஒருவர் ஐந்து ஆண்டுப் பிரத்யேக உரிமை கேட்கிறார். பிராண்டையும் தன் பெயரில் பதிந்துகொண்டால் வேலை சுலபம் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: கூட்டுச் சேருங்கள், ஆனால் இந்த நிபந்தனைகளில் வேண்டாம். அந்நியச் சந்தையில் நீங்களே அலுவலகம் போட்டு ஆள் வைத்தால், முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் கைக்காசு கரைந்துவிடும். அதனால் உள்ளூர்க் கூட்டாளி தேவைதான்.

பிராண்டு மட்டும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சீனா உட்படப் பல நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே பெயர் சொந்தம். ஐபேட் பெயருக்காக ஆப்பிளே 2012-ல் சீனாவில் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் வழக்கை முடித்தது. மாட்ரிட் முறை என்ற சர்வதேசப் பிராண்டுப் பதிவு ஏற்பாட்டில், ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கலாம். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்: ஒரு பெயரைப் பார்த்து ஆட்சேபம் சொல்ல ஒவ்வொரு நாட்டு அலுவலகத்துக்கும் 12 மாதம், சிலவற்றுக்கு 18 மாதம் அவகாசமாம். இந்தக் காலத்திலும்!

பிரத்யேக உரிமையை ஒரு நாட்டுக்கு, ஓராண்டுக்கு, விற்பனை இலக்கோடு கொடுங்கள். இலக்கு தவறினால் உரிமை தானாகவே ரத்தாக வேண்டும். ஐந்து ஆண்டு கேட்பவர் கையில் உங்கள் போட்டி மென்பொருளும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்களை விற்காமல் முடக்கி வைப்பதற்கே உரிமை வாங்குபவர்கள் உண்டு.

வாங்கி விற்பவர் வேறு, உங்களுக்காக ஆர்டர் பிடித்துக் கமிஷன் வாங்கும் ஏஜென்ட் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டாமவரை நீங்கள் விலக்கினால், 1986 விதிப்படி பெரும்பாலும் இழப்பீடு தர வேண்டிவரும். சில நாடுகளில் அது ஓராண்டுச் சராசரி வருமானம் வரை. பிரான்சில் வழக்கமாக இரண்டு ஆண்டுக் கமிஷன். அந்த விதி சரக்குக்குத்தானே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். காலவரையற்ற உரிமத்தோடு இணையவழி விற்கும் மென்பொருளும் இதில் அடங்கும் என்று 2021-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏஜென்ட் அங்கே வேலை செய்தால், ஒப்பந்தத்தில் உங்கள் நாட்டுச் சட்டம் என்று எழுதி வைத்தும் பயனில்லை.

இந்த விநியோகஸ்தரை உங்களுக்குக் கொண்டுவந்தவர் யார்? அறிமுகத்துக்கே முன்பணம் கேட்கும் ஆலோசகர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வந்த பிறகு சதவீதம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் காணாமல் போவார்கள். வர்த்தகக் குழுவோடு கூட்டிப்போய், மேடையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுப் படம் எடுக்கும் அரசு விழாக்களும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தத் தாள் பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது.

தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 1958 நியூயார்க் உடன்படிக்கையால் அது 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் செல்லும். மென்பொருளின் மூல நிரலை (source code) யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.