ஜேக் செய்தது சரியா? – கடிதம்

வணக்கம் சார்,

என் மகனுக்கு 11 வயது. வெளிநாட்டிலிருந்து வந்த என் அண்ணன், அவர் பிள்ளைகள் படித்து முடித்த 'அனிமார்ஃப்ஸ்' புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் புலியாகவும் பருந்தாகவும் மாறுகிற கதைதானே என்று நானும் விட்டுவிட்டேன். வேறு வேலையே இல்லாமல் படித்துக் கடைசிப் புத்தகத்துக்கு வந்துவிட்டான். போன வாரம் படுக்கும்போது, "அம்மா, ஜேக் பதினேழாயிரம் பேரைக் கொன்னுட்டான், அவங்ககிட்ட ஆயுதமே இல்ல, அது சரியா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கதாநாயகனே இப்படிச் செய்கிற கதையைக் குழந்தைகளுக்கு ஏன் எழுதுகிறார்கள்? இப்போது அவன் தங்கையும் கேட்கிறாள். கொடுக்கலாமா, எடுத்து ஒளித்து வைத்துவிடவா?

– ஒரு வாசகி

வணக்கம்.

ஒளித்து வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் தேடி எடுப்பார்கள். தங்கை ஏழெட்டு வயதுக்காரி என்றால் இன்னும் இரண்டு வருடம் போகட்டும். நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்காகச் சொல்லவில்லை. சண்டையில் கை கால் போவதும், உருமாறும்போது எலும்புகள் முறுகிக்கொண்டு இடம் மாறுவதும் இதில் அவ்வளவு விவரமாக எழுதப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் எறும்பாக மாறிப்போய் வேறொரு கூட்டத்து எறும்புகளிடம் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் படித்துவிட்டு நானே புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

இதைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1996 முதல் 2001 வரை அமெரிக்காவில் ஸ்காலஸ்டிக் வெளியிட்ட தொடர், முதன்மை வரிசையில் மட்டும் 54 புத்தகங்கள். அட்டையில் இருக்கும் பெயர் கே. ஏ. ஆப்பிள்கேட், உடன் எழுதியவர் அவர் கணவர் மைக்கேல் கிராண்ட். பாதிக்கு மேல் போனபிறகு பல புத்தகங்களை அவர்கள் கொடுத்த கதைச்சுருக்கத்தை வைத்து வேறு ஆட்கள் எழுதினார்கள், படித்தாலே தெரியும். யீர்க் என்று ஒரு வேற்றுக்கிரக இனம், நத்தை ஓட்டை விட்டு வெளியே வந்தது போன்ற புழு. மனிதர் காதுக்குள் நுழைந்து மூளையைச் சுற்றிப் படர்ந்து உடம்பை எடுத்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒருமுறை அது குளத்துக்குப் போய்த் தன் சூரியனின் கதிரை உண்டே ஆகவேண்டும். உடம்புக்குச் சொந்தக்காரர் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருப்பார், தன் வாய் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல். எதிர்த்து நிற்பது ஐந்து பள்ளிப் பிள்ளைகளும், பிறகு வந்து சேரும் வேற்றுக்கிரகப் பையன் ஒருவனும். தொட்ட விலங்கின் உருவை எடுக்கும் சக்தி அவர்களுக்கு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த உருவிலேயே நின்றுவிட வேண்டியதுதான், ஒருவன் முதல் புத்தகத்திலேயே பருந்தாகச் சிக்கிக்கொள்கிறான்.

கூடுவிட்டுக் கூடு பாய்வது நமக்குப் புதிதில்லை. ஆனால் திருமூலர் புகுந்தது செத்துக் கிடந்த மூலனின் உடம்பில், அதுவும் மாடுகள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல். யீர்க்குகள் புகுவது உயிரோடிருப்பவனுக்குள். சரி, அந்தப் பிள்ளைகள் செய்வது என்ன? விலங்கின் உருவை எடுக்கும்போது அதன் பசியும் பயமும் கூடவே எழுகின்றன, அதை அடக்கித்தான் உடம்பை ஓட்டுகிறார்கள். இன்னொரு மனிதரின் உருவை அவரைக் கேட்காமல் எடுப்பதற்கும் யீர்க் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி தொடரின் ஆரம்பத்திலேயே அந்த ஐவரில் ஒருத்தியான கேஸிக்கு வந்துவிடுகிறது. கூடாது என்று பேசி முடிவெடுக்கிறார்கள், அப்புறம் அவசரம் வரும்போது மீறுகிறார்கள். ஆக, இருபதாவது புத்தகத்துக்கு வருவதற்குள் உங்கள் மகன் இந்த மாதிரி மீறல்களைப் பலமுறை பார்த்துப் பழகியிருப்பான். ஜேக் செய்தது அவனுக்குத் திடீரென்று வந்த அதிர்ச்சி கிடையாது, உங்களுக்குத்தான் திடீரென்று வந்தது.

19-ஆம் புத்தகத்தை நீங்களே படித்துப் பாருங்கள். காட்டில் கேஸியும், யீர்க் புகுந்த ஒரு சின்னப் பெண்ணும் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். அந்த யீர்க்கின் பெயர் அஃப்ட்ரான். அது கேட்பது இதுதான்: உடம்பு இல்லாவிட்டால் நாங்கள் கண்ணில்லாமல் சேற்றுக் குளத்தில் நெளிந்து சாகவேண்டும், நிறம் என்றால் என்னவென்று ஒருமுறை பார்த்த பிறகு திரும்பிப் போ என்கிறாயே, நீங்கள் மட்டும் ஆடு மாட்டைத் தின்னவில்லையா? கேஸியால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. ஒருவருக்கு உண்மையான தேவை இருப்பதாலேயே அவர் செய்வது நியாயமாகிவிடாது, சரிதான், ஆனால் அப்படிச் சொன்னதும் அந்தத் தேவை மறைந்துபோய்விடுவதும் இல்லை. கடைசியில் ஒரு பேரம். அஃப்ட்ரான் அந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டும், பதிலுக்குக் கேஸி கம்பளிப்புழுவாகவே நின்றுவிட வேண்டும். கேஸி ஒப்புக்கொண்டு நின்றும்விடுகிறாள். பிறகு புழு பட்டாம்பூச்சியாகும்போது இரண்டு மணி நேரக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது என்று சொல்லி அவளை மீட்டுக் கொண்டுவருகிறார்கள். அது ஏமாற்று வேலை, தொடருக்கு அவள் வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனாலும் அதற்கு முன் வருகிற பேச்சு ஏமாற்று இல்லை.

டேவிட் விஷயம் அதைவிட மோசம். புதிதாகச் சேர்த்துக்கொண்ட பையன் அவன், அவன் பெற்றோரை யீர்க்குகள் பிடித்துவிட்டன. அவன் துரோகியாகி இவர்களையே கொல்லப் பார்க்கிறான். கொல்லக் கூடாது, விடவும் முடியாது. அவனை எலியாக மாறவைத்துப் பொறியில் பிடித்து, இரண்டு மணி நேரம் தாண்டும்வரை காவல் இருந்து, ஒரு பாறைத் தீவில் விட்டுவிட்டு வருகிறார்கள். யோசனை கேஸியுடையது, யாருக்கும் தீங்கு நினைக்காத கேஸியுடையது! அந்த இரண்டு மணி நேரமும் அவன் கெஞ்சுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவள் ஐவரில் இன்னொரு பெண்ணான ரேச்சல். கொலை செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்தார்கள் என்றுதான் நான் படித்தேன். புத்தகம் அப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் ரேச்சலை அந்தச் சத்தத்திலிருந்து கடைசிவரை தப்பவிடுவதும் இல்லை.

இப்போது ஜேக். கைப்பற்றிய கப்பலின் குளத்தில் உடம்பெடுக்காத யீர்க்குகள் நீந்திக்கொண்டிருக்கின்றன. குளத்தை அப்படியே விண்வெளியில் திறந்துவிடச் சொல்கிறான். 17,372 என்று எண்ணிச் சொல்கிறது புத்தகம். அந்த நேரத்தில் அவன் மனதுக்குள் சொல்லிக்கொள்வதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். யார் இவர்களை வரச் சொன்னது, தப்பு அவர்களுடையது, ஒட்டுண்ணிகள்தானே என்பதுபோல ஓடுகிறது. ஆறாவது புத்தகத்தில் இதே ஜேக்கின் தலைக்குள் ஒரு யீர்க் இருந்தது, மூன்று நாள் பட்டினியில் அது துடித்துச் செத்ததை உள்ளிருந்து உணர்ந்தவன் அவன். ஒரு யீர்க்கின் சாவு எப்படியிருக்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்த மனிதப் பிள்ளை கிடையாது. அவன் வாயில் 'ஒட்டுண்ணிகள்' வருவதுதான் எனக்கு எண்ணிக்கையைவிடப் பயமாக இருந்தது.

ஆகவே உங்கள் மகன் கேட்டால், சரியில்லை என்று சொல்லுங்கள். நானானால் அப்படித்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, ஜேக்குக்கு அப்போது 16 வயதுதான் இருக்கும், மூன்று வருடமாகத் தூங்காமல் சண்டை போட்டவன், எதிரி புகுந்திருந்தது அவன் சொந்த அண்ணனுக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்ள 11 வயதில் முடியும், இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. போர் முடிந்து எதிரித் தளபதியை நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் விசாரிக்கும்போது, ஜேக் செய்தது போர்க்குற்றம் இல்லையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதும் கடைசிப் புத்தகத்தில் வருகிறது. அது வெளியான 2001-இல் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான நீதிமன்றம் நிஜமாகவே அதே ஊரில் நடந்துகொண்டிருந்தது.

அந்த முடிவைப் படித்து அன்றைக்குப் பிள்ளைகளே கோபப்பட்டார்கள். ரேச்சலைச் சாகடித்துவிட்டீர்களே, மற்றவர்களை உடைத்துவிட்டீர்களே என்று எழுதினார்கள். ஆப்பிள்கேட் பதில் எழுதினார். இது ஆரம்பத்திலிருந்தே போர்க்கதை, போர்கள் சந்தோஷமாக முடிவதில்லை, நீங்கள் சீக்கிரமே ஓட்டுப் போடும் வயதுக்கு வரப்போகிறீர்கள் என்ற தோரணையில். கொஞ்சம் கடுப்பாகத்தான் எழுதியிருந்தார். எனக்குப் பிடித்திருந்தது, குழந்தைகளிடம் யாரும் அப்படிச் சமமாகக் கோபப்படுவதில்லை.

புத்தகத்தின் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. 50-ஆவது புத்தகத்தில் புதிய ஆட்கள் தேவைப்பட, உடற்குறை உள்ள பிள்ளைகளைத் தேடிப் போகிறார்கள். யீர்க்குகளுக்கு அந்த உடம்புகள் வேண்டாம், அதனால் உள்ளே எதிரி இருக்கமாட்டான் என்ற கணக்கு. இறுதிச் சண்டையில் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்காகச் சாகிறார்கள், ஒருவர் மிஞ்சவில்லை. குளத்துப் புழுக்களுக்கு நடந்த விசாரணை இவர்களுக்கு நடக்கவில்லை, சில வரிகளில் கதை தாண்டிப் போய்விடுகிறது. உங்கள் மகன் 17,372-ஐப் பற்றிக் கேட்டான், இந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டானா? இல்லையென்றால் நீங்கள் அவனிடம் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.