எச்.ஐ.வி. எல்லாருக்கும் ஒன்றுதானே, தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு ஆலோசனை சொல்ல நர்ஸுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, உங்களுக்குப் போக மனசில்லை. வார்டில் ஆள் கிடையாது, சொந்த வேலைக்கு லீவு கேட்டால் மூஞ்சியைத் திருப்புவார்கள், பயிற்சி என்றால் மட்டும் முதல் ஆளாக உங்கள் பெயரை எழுதி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன், இதைவிடத் திமிராக.

நான் தென்மாவட்டம் ஒன்றில், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். ரத்தம் கொடுப்பதற்கு முன்னாலும் ரிசல்ட் வந்த பின்னாலும் நோயாளியிடம் உட்கார்ந்து பேசுகிற வேலை. பெரிய நிபுணர் கிடையாது, ஆராய்ச்சி எதுவும் செய்ததில்லை. கீழே வரும் சம்பவத்தில் ஊர், வேலை, சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 'நோயாளியின் ரகசியத்தை எழுதலாமா' என்று பின்னூட்டத்தில் வகுப்பெடுக்க வருபவர்கள் இதைப் படித்துவிட்டு வரவும்.

2010. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் இருக்கும். இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு வயதுப் பையன் ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் மடித்த ஓபி சீட்டு. எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" இல்லை. "பொண்ணுங்க யாரோடயாவது பழக்கம் உண்டா?" இல்லை. "இந்த மாதிரி இடங்களுக்குப் போயிருக்கியா?" இல்லை மேடம். ஊசி, ரத்தம் ஏற்றியது, எதுவும் இல்லை. அப்புறம் எதற்கு வந்தாய் என்றேன். சும்மா ஒரு செக்கப் என்றான். எங்கள் படிவத்தில் ஆணோடு ஆண் உறவுக்கு ஒரு கட்டம் இருக்கத்தான் செய்தது. விபூதியைப் பார்த்தே அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ரிசல்ட் நெகட்டிவ். "உனக்கெல்லாம் ஒண்ணும் வராது, போயிட்டு வா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினேன். விண்டோ பீரியட் (தொற்றியிருந்தும் பரிசோதனையில் தெரியாத ஆரம்ப நாட்கள்) பற்றியோ, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்பதையோ சொல்லவில்லை. ஆணுறை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பிள்ளையிடம் அதையெல்லாம் பேசுவானேன் என்று எண்ணம்.

2014-ல் டி.பி. யூனிட்டில் இருந்து அனுப்பினார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவனுக்கு என்னைத் தெரிந்தது. எச்.ஐ.வி. பரிசோதனைக் கிட் மூன்றிலும் பாசிட்டிவ். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 செல் கணக்கு மோசமாகக் குறைந்து நூற்று அறுபது சொச்சம். இடையில் கல்யாணமும் ஆகியிருந்தது. (மனைவிக்கு நெகட்டிவ். அந்தப் பெண்ணைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுத மாட்டேன், அது அவளுடைய கதை.) பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு எதுவும் இல்லைன்னுதானே சொன்னே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், பொய் சொல்லிவிட்டான் என்று. அவன் இருமிக்கொண்டே சொன்னான்: "நீங்க பொண்ணுங்களைப் பத்திதானே கேட்டீங்க மேடம்."

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

அதற்கு முன்பும் நான் பயிற்சிகளுக்குப் போனவள்தான். வைரஸ் படம், செல்லுக்குள் எப்படி நுழைகிறது, அம்புக்குறிகள், மதியம் லெமன் ரைஸ். ஒரு பயிற்சியில் வந்த டாக்டர், "இந்தப் பழக்கத்தை விட்டுடச் சொல்லி அட்வைஸ் பண்ணுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாங்களும் நோட்டில் எழுதிக்கொண்டோம். இன்று அப்படிச் சொன்னால் அவர் மாட்டிக்கொள்வார். தன்பாலீர்ப்பை 'மாற்ற' முயல்வதைத் தடை செய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் உத்தரவு போட்டது. அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று சொல்லிவிட்டது.

என்னை மாற்றிய பயிற்சி அந்தப் பையனுக்குப் பிறகுதான் வந்தது. இரண்டு நாள். எடுத்தவர் டாக்டர் இல்லை. பல வருஷம் பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கிலும் ஆணுறை கொடுத்துக் களப்பணி செய்த ஒருவர், கோத்தி (ஆண்களை விரும்பும், பெண் சாயலில் நடந்துகொள்ளும் ஆண்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்). பையன்கள் எல்லாம் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் முதலில் 'சார்' என்றேன். "சார்னா நான் வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்ப்பேன் மேடம்" என்றார். சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் ரூமை இளக்கியது.

முதல் வேலையாக எங்களை வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்ல வைத்தார். ஆசனவாய். வாய்வழி உறவு. விந்து. நாற்பது பேர், பாதிக்கு மேல் பெண்கள். தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தோம். "நீங்க சொல்லக் கூச்சப்படுற வார்த்தையை அவன் எப்படி உங்ககிட்ட வந்து சொல்லுவான்? வயித்து வலின்னுதான் சொல்லுவான்" என்றார். நிஜம்தான். பின்பக்கம் புண்ணோடு வருபவன் ஓபியில் 'மூலம்' என்றுதான் சொல்கிறான். களிம்பு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை போட்டுப் பார்த்தால் சிலருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கும்.

அப்புறம் ஓர் ஆணுறையை பலூன் மாதிரி ஊதிக் கட்டி, மேலே எண்ணெயைத் தடவி ஒரு சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வேறு ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடித்தது. சிஸ்டர் 'ஐயோ' என்று கத்தியது அடுத்த ஹாலுக்குக் கேட்டிருக்கும். வழுக்குவதற்கு என்று தேங்காய் எண்ணெயும் வாசலினும் போடுகிறார்கள், எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் நைந்து கிழியும், தண்ணீர் சார்ந்த ஜெல்தான் போட வேண்டும். அதுவரை நான் ஆணுறை கொடுத்தேனே தவிர, ஜெல் என்ற ஒன்றைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. கணவன் மனைவிக்குச் சொல்லும் அதே பாடத்தை எல்லாருக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

'எல்லாருக்கும் ஒரே எச்.ஐ.வி.தானே' என்கிறீர்கள். வைரஸ் ஒன்றுதான், தொற்றும் வாய்ப்பு ஒன்றல்ல. பாதுகாப்பில்லாமல், தொற்றுள்ள ஆணோடு வைக்கும் உறவில், பெண்ணுறுப்பு வழியாகப் பெறுபவருக்கு 10,000 தடவைக்குச் சுமார் 8 தடவை தொற்றலாம் என்பது கணக்கு. ஆசனவாய் வழியாகப் பெறுபவருக்கு அது 138. அங்கே உள்தோல் அவ்வளவு மெல்லிசு, சுலபமாகக் கீறும். 2017 தேசியக் கணக்கிலும் வயது வந்தோரில் எச்.ஐ.வி. 0.22 சதவீதம், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் 2.69. இந்த இரண்டு விஷயமும் தெரியாத ஆலோசகர்தான் 'உனக்கெல்லாம் ஒண்ணும் வராது' என்று சொல்வாள். சொன்னேனே.

இரண்டாம் நாள் ரோல் ப்ளே. நாங்கள் நோயாளியாக உட்கார வேண்டும், அவர் ஆலோசகர். என் முறை வந்தபோது அவர் என் பழைய குரலிலேயே ஆரம்பித்தார்: "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" அவருக்கு என் கதை தெரியாது, எல்லா ஆலோசகரும் இப்படித்தான் ஆரம்பிப்போம் போல. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

இப்போது நான் கேட்பது இதுதான்: "இது எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி. உங்க உறவு ஆண்களோடயா, பெண்களோடயா, திருநங்கைகளோடயா, இல்ல எல்லாருமா?" ஆட்டோ ஓட்டுபவரிடமும் கேட்கிறேன், அறுபது வயசுப் பெரியவரிடமும் கேட்கிறேன். ஒருத்தர் திட்டியிருக்கிறார், "யாரைப் பாத்து என்ன கேக்குற" என்று. பரவாயில்லை. இன்னொருவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, முப்பது வருஷக் கதையைச் சொன்னார்.

'இப்படிப் பேசுவது ஊக்குவிப்பது போல ஆகாதா, நம் கலாச்சாரம்' என்று ஆரம்பிக்கப் போகும் அன்பர்களுக்கு: என் மேஜைக்கு வருபவர் ஏற்கனவே அப்படி இருப்பவர். நான் கேட்டதால் யாரும் மாறியதில்லை, கேட்காததால் ஒருவனுக்கு நாலு வருஷம் போனது. சட்டத்தைச் சொன்னால்தான் கேட்பீர்கள் என்றால், இந்திய தண்டனைச் சட்டம் 377-ன்படி இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6. எச்.ஐ.வி. உள்ளவரை ஒதுக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்கிற சட்டம் நடைமுறைக்கு வந்தது நாலு நாள் கழித்து, செப்டம்பர் 10. நான் பக்தி உள்ள பெண்தான், வெள்ளிக்கிழமை விரதம்கூட உண்டு. ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. வேலைக்கு வந்த நாளில் இருந்து இன்றுவரை நான் ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் புதுப்பிப்பு, வருஷா வருஷம் திக் திக். நான் சொன்ன அந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வர பஸ்ஸுக்கே 480 ரூபாய் ஆனது. பயணப்படி பாரத்தை மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை டிக்கெட் ஒட்டவில்லை என்றார்கள், இரண்டாவது தடவை ஒட்டியது தப்பான பக்கம், மூன்றாவது தடவை அந்த கிளார்க்கே மாற்றலாகிப் போய்விட்டார். இன்றுவரை வரவில்லை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். ஊருக்கெல்லாம் 'நம்பிக்கை' கொடுக்கும் மையத்தில் எங்களுக்கு மட்டும் அது ஒரு வருஷ ஒப்பந்தத்தில்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பயிற்சியும் நல்ல பயிற்சி இல்லை. யார் எடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அந்தச் சமூகத்து ஆள் ஒருவராவது இல்லாவிட்டால் பாதி நேரம் ஸ்லைடுதான். இருந்தால் மற்றவர்கள் கேட்க வெட்கப்படுவதையெல்லாம் நீங்கள் கேளுங்கள். ஆபத்தான தொடர்புக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடும், தொற்றைத் தடுக்கும் பெப் மருந்து, உங்கள் மருத்துவமனையில் ராத்திரி பத்து மணிக்கு யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். நர்ஸுக்கு ஊசி குத்தினால் மட்டும்தானா, வெளியாளுக்கும் உண்டா என்று கேளுங்கள். தொற்றாமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரை பற்றிக் கேளுங்கள், பையன்கள் போனில் படித்துவிட்டு வந்து நம்மைக் கேட்கிறார்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவில் தொற்றாது என்பதை நான் எத்தனையோ டாக்டர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-ல் வெளியான பார்ட்னர் ஆய்வில் ஆண் ஜோடிகள் 782, ஆணுறை இல்லாத உறவு 76,000 தடவைக்கு மேல், துணையிடமிருந்து தொற்றியது பூஜ்ஜியம்.

அந்தப் பையன்? மாத்திரை வாங்க வரும்போது என் ரூமிலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். இப்போது தொப்பை போட்டுவிட்டது. போன வருஷம் ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, "மேடம் எல்லாம் கேப்பாங்க, பயப்படாம சொல்லு" என்று வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

போய்ட்டு வாங்க சிஸ்டர். பயணப்படி பாரத்தை முதல் நாள் காலையிலேயே வாங்கிவிடுங்கள். டிக்கெட்டை எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.