கமரா கேள்வி–பதில்: அப்பாவின் லென்ஸ்

கேள்வி: அப்பா பாவித்த பென்டாக்ஸ் கமராவின் சூப்பர் டகுமார் லென்ஸ் (55 மி.மீ., 1.8) வீட்டில் இருக்கிறது. மச்சானின் நிக்கொன் டிஎஸ்எல்ஆரில் அடப்டர் வைத்துப் பூட்டிப் பார்த்தோம். கிட்ட உள்ளது தெளிவு, தூரத்தில் எல்லாம் மங்கல். லென்ஸ் பழுதா? என்னுடைய சோனி ஏ6000இல் போடலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் லென்ஸ் பழுதில்லை, தங்கச்சி. யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அது எம்42 எனப்படும், திருகிப் பூட்டும் வகை லென்ஸ். ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் நிற்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. நிக்கொனில் அந்த இடைவெளியே 46.5 மி.மீ. அடப்டர் வைக்க முதலே லென்ஸ் ஒரு மில்லிமீற்றர் தள்ளிப்போய்விடுகிறது. அந்த ஒரு மில்லிமீற்றரில்தான் தூரம் கெடுகிறது. உங்கள் சோனியில் 18 மி.மீ.தான். மிச்சம் 27 மி.மீ. சொச்சத்தை அடப்டர் நிரப்பும். கண்ணாடி இல்லாத வெறும் உலோக அடப்டரே போதும்.

மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்பதை முதலில் இயக்குங்கள், இல்லாவிட்டால் ஷட்டர் அடிக்காது. லென்ஸில் உள்ள சின்ன நெம்பை எம் பக்கம் தள்ளுங்கள். ஏ-யில் இருந்தால் சில அடப்டரில் அப்பேர்ச்சர் (லென்ஸில் ஒளி புகும் துவாரம்) திறந்தபடியே நிற்கும். அப்பேர்ச்சரை 1.8இல் வைத்து, திரையைப் பெருப்பித்து, கண் இமை தனித்தனியாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பிவிட்டு, பிறகு 4க்கு மூடி எடுங்கள். ஏ6000இல் ஆட்டம் தடுக்கும் வசதி கமரா உடம்பில் இல்லை, ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் கீழே போகவேண்டாம்.

பூட்ட முதல், டோர்ச் அடித்து லென்ஸின் உள்ளே பாருங்கள். என்னுடைய 135 மி.மீ. லென்ஸைப் பத்திரம் என்று நம்பித் தோல் உறையோடு அலுமாரியில் வைத்தேன். ஒரு மாரி முடிந்து திறந்தபோது கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இன்றுவரை மனம் ஆறவில்லை. தோல் உறையை விட்டு, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

சரி, நல்லூர்த் தேருக்கு வெளிவீதியில் நின்று எடுக்கப் போகிறீர்களா? சனத்துக்குள் வளையம் திருப்ப நேரமிருக்காது. அப்பேர்ச்சர் 8, தூரம் 5 மீற்றர் என்று முன்கூட்டியே வைத்துவிடுங்கள். ஏறக்குறைய 4 முதல் 6.5 மீற்றர் வரை நிற்பவர்கள் தெளிவாக விழுவார்கள். வடம் பிடிப்பவர்கள் அந்த இடத்துக்கு வரும்போது அமத்துங்கள்.