கேட்டீங்க, சொல்றேன்: இந்த முறை கஞ்சா

போன இதழில் தூக்கமின்மை பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தால் பாதிக்கு மேல் தூக்கத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் கஞ்சாவில் வந்து நிற்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். அது உங்கள் பக்கத்து வீடா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் மகனுக்கு 19 வயது. வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டு, விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார். பிளஸ் ஒன் படிக்கும்போதே மகனுக்குக் கஞ்சா பழக்கம் இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதமாக ராத்திரி தூங்குவதில்லை. போன் கேமராவில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறான், ஜன்னல் இடுக்கில் பழைய லுங்கியைக் கிழித்து அடைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுச் சித்தப்பா இவனைப் பற்றியே பேசுகிறாராம். நான் போடும் சோற்றில் முதல் வாயை நான் தின்ற பிறகுதான் தொடுகிறான். மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, ஜெபத்துக்கும் கூட்டிப் போயாயிற்று. கஞ்சாவை நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடுமா? — ஒரு அம்மா, குலசேகரம்

தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள் அம்மா. இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை வைத்திருக்காமல் உடனே தனியாகப் பதில் போட்டுவிட்டேன், இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக.

டேப், லுங்கித் துணி, முதல் வாய்ச் சோறு, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பையன் பயந்து போயிருக்கிறான் என்பது தெரியும். அவனுக்குச் சித்தப்பாவின் குரல் நிஜமாகவே கேட்கிறது. இல்லாததை இருப்பதாக நம்பி நிஜத்தைவிட்டு மனம் விலகிப் போகும் இந்த நிலை கஞ்சாவால் வரலாம், சிலருக்கு நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கியும் விடும். ஆனால் இன்னும் சிலருக்கு அது அடங்காமல் மனச்சிதைவு நோயாக நிலைத்துவிடுகிறது. இவன் எந்தப் பக்கம் என்பது முதல் நாளிலேயே எந்த டாக்டருக்கும் தெரியாது, அதனால்தான் ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கிவிட்டு, கூடவே இருந்து கவனிப்போம். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கஷ்டமாகிறது.

சுவீடனில் 1969-70-இல் ராணுவத்தில் சேர்ந்த சுமார் 45,000 இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சேரும்போதே 50 தடவைக்கு மேல் கஞ்சா அடித்திருந்தவர்களுக்கு, தொடாதவர்களைவிட மனச்சிதைவு ஆறு மடங்கு அதிகமாக வந்திருந்தது. 1987-இல் வெளிவந்த கணக்கு இது. அடித்தவர்களிலும் பெரும்பாலோருக்கு வரவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது, தாய்மாமனுக்கோ பாட்டிக்கோ, முன்பு 'வட்டு', அதாவது பைத்தியம், பிடித்திருந்தது என்று சொல்லக் கேட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சம்பந்தம் பேசும்போது மறைத்துப் பழகிவிட்டு ஆஸ்பத்திரியிலும் மறைக்கிறோம். அந்தக் குடும்பங்களில் ஆபத்து கூடுதல், 15, 16 வயதில் தொடங்கியவர்களுக்கும் கூடுதல், ஏனென்றால் மூளை வளர்ந்து முடியவே 25 வயதை ஒட்டி ஆகிவிடும்.

"யாரும் பேசவில்லை, உனக்குப் பைத்தியமா" என்று அவனோடு வாதாட வேண்டாம். "ஆமா, பேசுறாங்க" என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்கு, தூக்கமே இல்லை, தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்ப்போம்" என்றால் நிறைய பையன்கள் எழுந்து வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு இருக்கிறது. தன்னையோ மற்றவரையோ ஏதாவது செய்துவிடுவான் என்று தோன்றினால் ஓ.பி. நாளைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

கயிறு கட்டியதில் தப்பில்லை, ஜெபத்திலும் தப்பில்லை, மருந்தோடு அதுவும் நடக்கட்டும். ஆனால் யாராவது "இங்கே விட்டுட்டுப் போங்க, சங்கிலியில் போட்டுப் பார்த்துக்கிறோம்" என்றால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்துப் போனார்கள்.

கஞ்சா மூலிகைதானே டாக்டர்? சித்தர்கள் சிவமூலி என்று சொல்லியிருக்கிறார்கள், வெள்ளைக்காரன் கமிஷன் போட்டு ஆராய்ந்தே பெரிய கெடுதல் இல்லை என்றான், அமெரிக்காவில் மருந்தாகவே கொடுக்கிறார்கள். சிகரெட்டைவிட மேல் என்று நினைக்கிறேன். — இன்ஜினியரிங் மாணவர், மார்த்தாண்டம்

தம்பி நிறையப் படித்திருக்கிறார், சந்தோஷம். படித்ததில் பாதி சரியும்கூட. 1893-94-இல் ஒரு கமிஷன் உட்கார்ந்தது, அளவோடு உபயோகித்தால் பெரிய கெடுதல் இல்லை என்று எழுதியது, எல்லாம் உண்மை. அளவை மீறினால் கெடுதல் என்றும் அதே கமிஷன் எழுதியது, அந்தப் பக்கத்தை யாரும் பகிர்வதில்லை.

சித்த வைத்தியத்திலும் கஞ்சா இருக்கிறது. எட்டியும் இருக்கிறது, சேங்கொட்டையும் இருக்கிறது, இரண்டும் விஷச் சரக்கு. நம்ம ஊர் வைத்திய ஆசான்மாரிடம் கேட்டுப் பாருங்கள், சுத்தி செய்யாமல் இதில் எதையாவது வாயில் வைப்பார்களா என்று. மூலிகையா இல்லையா என்பது பேச்சே இல்லை, எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்பதுதான் பேச்சு. உங்கள் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.

போதை தருவது டி.எச்.சி. என்ற சரக்கு. அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவைச் சோதித்ததில் 1995-இல் சுமார் 4 சதவீதமாக இருந்த இது 2014-இல் 12 சதவீதம் ஆகியிருந்தது. அதே செடியில் உள்ள சி.பி.டி. என்ற வேறொரு பொருளிலிருந்து செய்த மருந்துக்குத்தான் 2018-இல் அங்கே அனுமதி கொடுத்தார்கள், சில அரிய வகை வலிப்பு நோய்களுக்காக. அதில் போதை வராது. அதைக் காட்டி இதை நியாயப்படுத்துவது, கள்ளும் பதநீரும் ஒரே பனையில்தானே இறங்குகிறது என்பது மாதிரி.

சிகரெட்டைவிட மேல் என்பதும் நிற்காது. புகையிலையைக் கலந்துதானே பலரும் சுருட்டுகிறீர்கள்? புகையை ஆழமாக இழுத்து நெஞ்சில் பிடித்து வைப்பதால் தார் இன்னும் நன்றாகப் படிகிறது, தொடர்ந்து இழுப்பவர்களுக்குக் காலை இருமலும் சளியும் விடாது. இழுத்த கையோடு இதயத் துடிப்பு எகிறும். 20 வயதில் தெரியாது, 45 வயதில் ரத்தக்குழாய் ஏற்கெனவே அடைத்திருப்பவருக்குத் தெரியும். அப்புறம், இழுத்துவிட்டு பைக்கில் மேம்பாலம் ஏறினால் பிரேக் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு கைக்கு வந்து சேர்வதற்குள் முன்னால் போகும் லாரி நின்றிருக்கும்.

ஒரு முறை அடித்தவர் எல்லோரும் அடிமையாவதில்லை, ஏறக்குறைய பத்தில் ஒருவர். பள்ளிக்கூட வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். உங்கள் ஹாஸ்டல் அறையில் எத்தனை பேர்?

கண் சிவந்திருந்தால் கஞ்சா என்று அர்த்தமா? — ஒரு அப்பா, தக்கலை

ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்தாலும் சிவக்கும், மெட்ராஸ் ஐ வந்தாலும் சிவக்கும். கண்ணை வைத்துக் கேஸ் எழுதாதீர்கள். விளையாடப் போவதை விட்டது, பழைய கூட்டாளிகளைத் தவிர்ப்பது, காசு கணக்கு இடிப்பது, இவற்றைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பையைக் குடைந்துவிட்டுப் பேசினால் அடுத்த தடவை பையில் வைக்க மாட்டான், அவ்வளவுதான்.

எனக்கு 28 வயது, தேங்காப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவன். ஏழெட்டு வருடமாகக் கஞ்சா உண்டு. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை விடாமல் வாந்தி, வயிற்று வலி. எண்டாஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். சுடுவெள்ளத்தை (வெந்நீரை) மேலுக்கு விட்டால் மட்டும் நிற்கிறது. வாந்திக்கு நல்லது என்று கஞ்சாவைக் கூட்டினேன், கேட்கவில்லை.

சுடுவெள்ளம் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு ஆயிரம் ரூபாய் ஸ்கேனைவிட மதிப்பு அதிகம்.

2004-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பக்கத்து டாக்டர்கள் இதையேதான் கவனித்தார்கள்: பல வருடம் கஞ்சா உபயோகித்தவர்கள், அலை அலையாக வரும் வாந்தி, நாள் முழுக்க வெந்நீரில் குளித்துக்கொண்டே இருப்பது. கஞ்சா கொஞ்சமாக இருந்தால் குமட்டலைக் குறைக்கும், வருடக்கணக்கில் போனால் சிலருக்கு அதுவே திருப்பி அடிக்கும். கூட்டினேன் என்கிறீர்கள், எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்.

வழக்கமான வாந்தி மாத்திரைகள் இதில் அவ்வளவாக வேலை செய்யாது. மிளகாயின் காரச் சத்தில் செய்த களிம்பை வயிற்றில் தடவினால் சிலருக்குக் கேட்கிறது, சுடுவெள்ளம் மாதிரியேதான் அதுவும், டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் தடவுங்கள், வீட்டு வற்றலை அரைத்துப் பூசிவிட வேண்டாம். முழுசாகத் தீர ஒரே வழி கஞ்சாவை நிறுத்துவது, குறைப்பது போதாது. நிறுத்திய உடனே நிற்காது, வாரங்கள் ஆகலாம், நிறுத்தியும் வருகிறதே என்று திரும்பத் தொடங்கிவிடாதீர்கள். கரையிலிருந்து பல நாள் தூரத்தில் விடாத வாந்தி வந்து உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் அடிவாங்கும், டிரிப் ஏற்ற அங்கே யார் இருக்கிறார்கள்? அடுத்த தடவை டாக்டரிடம் கஞ்சாவையும் சுடுவெள்ளத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாததால்தான் அவர்கள் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? — கருங்கல்

இந்தப் பயத்திலேயே பாதிப் பேர் வருவதில்லை. நோயாளி சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது, டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட மாட்டார். 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் ஓடி வந்தால் விலக்கும் ஓடிவிடும். விற்றவருக்கு இது பொருந்தாது, அதற்கு வக்கீலைப் பாருங்கள். போதை மீட்புக்கான இலவச எண் 14446.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல், சிறுநீரில் எத்தனை நாள் காட்டும்? — நாகர்கோவில்

எப்போதாவது என்றால் சில நாள். தினமும் என்றால் ஒரு மாதம்கூட, டி.எச்.சி. உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மெதுவாகத்தான் இறங்கும். கழுவிவிடும் என்று நம்பி மோரும் எலுமிச்சையும் குடித்தால் தாகம் மட்டும்தான் தீரும். அங்கே போய் மாட்டினால் ஜெயில் என்பதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டுக்காரர் கஞ்சாவை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. நிறுத்தாமலே இருந்திருக்கலாம் போல. சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது, ராத்திரி வியர்த்து எழுந்து உட்கார்கிறார், கெட்ட கனவு என்கிறார், மீன் குழம்பு வைத்தால்கூட இரண்டு வாய்தான். "ஒரே ஒரு தடவை அடிச்சா செரியாகும்" என்கிறார். — குளச்சல்

செரியாகும்தான், அரை நாளைக்கு. நிறுத்தின முதல் வாரம் இப்படித்தான் இருக்கும் சகோதரி: எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, கனவு. இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை உச்சம், அப்புறம் இறங்கும், தூக்கமும் கனவும் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். இதற்கென்று தனி மாத்திரை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வார். சாயங்காலம் சாயாவைக் குறைத்து, கடற்கரைப் பக்கம் நன்றாக நடக்க வையுங்கள், பசித்தபோது கஞ்சியும் பயறும் போதும். தட்டு உங்கள் மேல் பறந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவர் நிறுத்தி ஒரு மாதமாவது ஆகியிருக்கும். அப்போதும் தட்டு பறந்துகொண்டிருந்தால் அது கஞ்சாவை விட்டதால் வந்தது இல்லை, அதற்கு முன்பே உள்ளே இருந்த வேறு ஏதோ, பதற்றமோ மனச்சோர்வோ, இத்தனை நாள் புகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அப்படியானால் இரண்டு பேருமாக ஓ.பி.க்கு வாருங்கள், காலையில் சீட்டு போடும் வரிசை நீளம், எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.