செவ்வந்திப் பூ டீ: மொட்டா, மலர்ந்த பூவா?

கேள்வி: சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு சீன மருந்துக் கடையில் செவ்வந்திப் பூ டீ வாங்கப் போனேன். ஒரு ஜாடியில் மொட்டு, இன்னொன்றில் மலர்ந்த பூ. மொட்டு 100 கிராம் 14 வெள்ளி (டாலர்), பூ 8 வெள்ளி. மொட்டில்தான் சத்து அதிகம், கண்ணுக்கு நல்லது என்கிறார் கடைக்காரர். இவ்வளவு கூடக் கொடுக்கலாமா? மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்ப வேண்டும்.
– செங்காங் வாசகி

பதில்: ருசி பிடித்திருந்தால் கூடுதல் விலை கொடுங்கள். சத்துக்காகக் கொடுக்க வேண்டாம்.

இரண்டும் ஒரே செடியின் பூதான். சீனாவில் செஜியாங் மாநிலத்துத் தோங்சியாங் பக்கம் விளைகிற வெள்ளைச் செவ்வந்தியை இதழ் விரியுமுன் பறித்தால் மொட்டு டீ, மலரவிட்டுப் பறித்தால் பூ டீ. மொட்டாகப் பறிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். ஒவ்வொன்றாகக் கையால் கிள்ள வேண்டும், உருவமும் சிறிது. கூலி ஏறுகிறது, விலையும் ஏறுகிறது.

கோப்பையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மொட்டுச் சாறு அடர் மஞ்சளாக இறங்கும். லேசான இனிப்பும் பச்சிலை வாசமுமாக நாக்கில் நிற்கும். கொதிநீர் ஊற்றினாலும் உதிராது, மூன்று முறை தண்ணீர் மாற்றினாலும் ருசி இருக்கும். மலர்ந்த பூ இலகுவானது. வாசனை சட்டென்று எழும், இரண்டாவது ஊற்றலிலேயே இளைத்துவிடும். ஆனால் கண்ணாடிக் கோப்பையில் அது விரிகிற அழகு மொட்டுக்கு வராது. விருந்தாளிக்குப் பூ, தினமும் நாமே குடிக்க மொட்டு என்பது என் கட்சி. முதலில் இரண்டிலும் 50 கிராம் வாங்குங்கள். எண்ணிப் போடாமல் ஒரே எடையில், கோப்பைக்கு 3 கிராம் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்துக் குடித்துப் பாருங்கள். இனிப்பு வேண்டுமானால் சீனர்கள் போடுவதுபோல் கற்கண்டு போதும்.

எதை வாங்கினாலும் அதைவிட முக்கியமான ஒன்று: ஜாடியைத் திறந்து மோந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பூச்சி அரிக்காமல், நிறம் மங்காமல் இருக்கக் கந்தகப் புகை போடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அப்படிப்பட்ட பூ பளீரென்று வெளுத்திருக்கும், புளித்த நெடி மூக்கைக் குத்தும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. நல்ல சரக்கு யானைத்தந்த நிறத்தில், கொஞ்சம் மஞ்சள் ஓடி இருக்கும். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. இரு விரலில் நசுக்குங்கள். நொறுங்க வேண்டும், வதங்கி மடங்கினால் ஈரம் ஏறியிருக்கிறது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

'பனிச் செவ்வந்தி' என்று சிவப்புச் சாறு தருகிற ஒன்றையும் சில கடைகளில் காட்டுவார்கள். அது வேறு செடி, இந்த ருசியை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாவுக்குக் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: பார்த்தீனியக் களைச்செடி பட்டால் அரிப்பு, தடிப்பு வருமா? செவ்வந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியென்றால் மொட்டும் வேண்டாம், பூவும் வேண்டாம்.

கேள்வி: ஊர்ப் பூக்கடையில் கிடைக்கும் சாமந்தியைக் காயவைத்து இதேபோல் டீ போடலாமா?
– அதே வாசகி

பதில்: கூடாது. மாலைக்கும் பூஜைக்கும் வளர்க்கிற பூ அது. வாயில் போவதில்லை என்ற நினைப்பில்தான் அதற்கு மருந்து அடிக்கிறார்கள், கழுவினால் முழுக்கப் போகாது. அம்மாவுக்கு டீ வேண்டுமென்றால் இங்கிருந்தே பாக்கெட்டாக வாங்கிக் கொடுத்தனுப்புங்கள், விளைந்த இடமும் காலாவதித் தேதியும் அச்சிட்டதாகப் பார்த்து.