ஒரு உயிரினம் குறைஞ்சா தானா பெருகி வந்துடாதா? ஒரு பறவை இல்லாமப் போனா நமக்கு என்ன?

கேட்டதுல பாதி சரிதாங்க. கூடுறதும் குறையறதும் இயற்கையில உள்ளதுதான். எலியை எடுத்துக்குங்க, ஒரு ஈத்துக்கு ஆறு ஏழு குட்டி, அந்தக் குட்டிங்க ரெண்டு மூணு மாசத்துல அதுங்களே குட்டி போட ஆரம்பிச்சுடும், அதனால ஒரு வருஷம் வெள்ளத்துல பாதி செத்தாக்கூட அடுத்த அறுவடைக்குள்ள வயல்ல பழைய கணக்கு வந்துடும். ஆனா எல்லா உயிரும் எலி மாதிரி கிடையாது, இதைத்தான் நிறைய பேர் யோசிக்கறதில்லை. நான் விலங்கியல் படிச்சேன், ஆனா இது எனக்குப் புரிஞ்சது கிளாஸ்ல இல்லை, பிணந்தின்னிக் கழுகு விஷயத்துலதான்.

எங்கம்மா ஊரு பவானிசாகர் பக்கம். சின்ன வயசுல லீவுக்குப் போனா, மாடு செத்துச்சுன்னா அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, ஆளுங்களை வெச்சு ஊருக்கு வெளிய ஓடைக்கரையில போட்டுட்டு வந்துடுவாரு. கொஞ்ச நேரத்துல வானத்துல ஒரு புள்ளி தெரியும், அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியாது. மதியத்துக்குள்ள எலும்புக்கூடு மட்டும்தான் மிஞ்சும், நாத்தமே இருக்காது. "அதுங்க இருக்கறவரைக்கும் நமக்கு நோய் வராதுடா"ன்னு அப்புச்சி சொல்வாரு. நான் காலேஜ் முடிச்சு வந்தப்ப அதே ஓடைக்கரையில செத்த மாடு நாலு நாள் ஊதிக் கிடந்துச்சு, சுத்தி நாய்ங்கதான் இருந்துச்சு.

பறவை பாக்கறவங்க இப்ப இந்தப் பிணந்தின்னிக் கழுகைப் பாறுன்னு சொல்றாங்க, நல்ல பழைய தமிழ்ப் பேரு. இந்தப் பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் வைக்கும். குஞ்சு பெருசாகி ஜோடி சேர சுமார் அஞ்சு வருஷம் ஆகும். ஒரு கணக்குக்கு 100 பெரிய பறவை, அதாவது 50 ஜோடின்னு வெச்சுக்குங்க. எல்லா ஜோடியும் முட்டை வெச்சாலும் பாதி குஞ்சுதான் பறக்கும், அதுல பல அஞ்சு வயசை எட்டாது, கடைசியில வருஷத்துக்கு அஞ்சோ எட்டோதான் புதுசா சேரும். அப்ப பெரிய பறவை சாகறதும் வருஷத்துக்கு அஞ்சு எட்டுக்குள்ளதான் இருக்கணும், தாண்டினா எண்ணிக்கை இறங்கிட்டேதான் இருக்கும். எலி பிறப்பை நம்பி வாழுது, பாறு ஆயுசை நம்பி வாழுது. யானை, திமிங்கலம் எல்லாம் பாறு மாதிரிதான். இந்த மாதிரி உயிருக்கு எத்தனை குஞ்சு பொறந்துச்சுங்கறதை விட எத்தனை பெருசு செத்துச்சுங்கறதுதான் முக்கியம்.

தொண்ணூறுகள்ல ராஜஸ்தான் பரத்பூர்ல பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் பாறுங்க தலை தொங்கிப்போய் உக்காந்துட்டு அப்படியே விழுந்து சாகறதைக் கவனிச்சாரு. முதல்ல வைரஸா இருக்கும்னுதான் நினைச்சாங்க. 2004லதான் பாகிஸ்தான்ல நடந்த ஆய்வுல காரணம் தெரிஞ்சுது: டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடற ஊசி. ஊசி போட்ட கொஞ்ச நாள்ல மாடு செத்து, அதைப் பாறு தின்னா அதோட கிட்னி போயிடும், அறுத்துப் பாத்தா உள்ளுறுப்பு மேல சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிஞ்சிருக்கும்.

அப்ப எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டாங்கன்னு கேப்பீங்க. இல்லைங்க. செத்த மாடுங்கள்ல நூத்துக்கு ஒண்ணு கூட விஷமா இருக்க வேண்டாம், அதுக்கும் குறைவா இருந்தாலே இவ்வளவு சரிவு வரும்னு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. நானே உக்காந்து போட்டுப் பாத்தேன். ஒரு பாறு மூணு நாளைக்கு ஒரு தடவை வயிறு நிறைய தின்னுதுன்னு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 120 சாப்பாடு. 200 மாட்டுல 1 மட்டும் விஷம்னா, ஒவ்வொரு சாப்பாட்டுலயும் பொழைக்கற வாய்ப்பு 99.5 சதவீதம், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 120 தடவையும் பொழைக்கணுமே, பெருக்கிப் பாத்தா 55 சதவீதம்தான் வருது. அதாவது 100 பறவை அடுத்த வருஷம் 55, அப்புறம் 30, அப்புறம் 16, அஞ்சாவது வருஷம் அஞ்சு. பொறக்கறதைச் சேத்தாலும் பெருசா மாறாது. நிஜத்துலயும் பாறு வகைகள்ல ஒண்ணான வெண்முதுகுப் பாறு 1992லருந்து 2007க்குள்ள இந்தியாவுல 99.9 சதவீதம் காணாமப் போச்சு. ஒரு காலத்துல உலகத்துலயே அதிகமா இருந்த பெரிய வேட்டைப் பறவைகள்ல அதுவும் ஒண்ணு. காடு அழியலை, யாரும் வேட்டையாடலை, தீனி கிடைக்காம இல்லை, ஒரு ஊசி மருந்துதான்.

"நமக்கு என்ன"ங்கற கேள்விக்கு வரேன். பாறு தின்ன வேண்டிய பிணத்தை நாய் தின்னுச்சு, நாய் பெருகுச்சு, வெறிநாய்க்கடி பயமும் கூடவே வந்துச்சு. மிச்சம் அழுகித் தண்ணியில கலந்துச்சு. பாறு வயித்து அமிலம் ரொம்பக் கடுமையானது, நாய் வயித்துல அந்த வேலை நடக்காது. 2024ல வந்த ஒரு பொருளாதார ஆய்வு, முன்னாடி பாறு நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000லருந்து 2005க்குள்ள மட்டும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலா செத்திருப்பாங்கன்னு மதிப்பிட்டிருக்கு. அப்புச்சி சொன்னது எந்தப் படிப்பும் இல்லாம சொன்னது, அது இப்படி எண்ணா வந்து நிக்கும்னு நான் நினைக்கலை. அந்த வரியைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை.

2006ல மாட்டுக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை பண்ணாங்க. ஆனா மனுஷங்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பிச்சாங்க, எங்கம்மா ஊருலயே ஒரு மெடிக்கல்ல இதைக் கேட்டவுடனே எடுத்துக் குடுத்ததை நான் பாத்திருக்கேன், எனக்கு வந்த கோவம் இன்னும் போகலை. அதனால 2015ல குப்பி 3 மில்லிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு, கம்பெனிக்காரங்க கேஸ் போட்டாங்க, 2017ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும்னு சொல்லிடுச்சு. பாறுக்கு இதே மாதிரி விஷமாகற கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டு மருந்தையும் மாட்டுக்குப் போடறதை 2023ல தடை பண்ணாங்க. மெலாக்ஸிகம்னு ஒரு மருந்து இருக்கு, அதே வலிக்குக் கேக்கும், பாறுக்கு ஒண்ணும் பண்ணாது. மாடு வெச்சிருக்கறவங்க டாக்டர்கிட்ட பேரைச் சொல்லியே கேக்கலாம். பாறுங்களைக் கூண்டுல வளத்து வெளிய விடறதுக்கு ஹரியானா பிஞ்சோர்ல மையம் இருக்கு, ஆனா வெளிய இருக்கற பிணம் சுத்தமா இல்லாம எத்தனை வளத்து விட்டும் பிரயோஜனமில்லை. சரணாலயத்துக்கு வேலி போட்டும் இதைக் காப்பாத்த முடியாது, ஏன்னா ஒரே நாள்ல ரொம்ப தூரம் பறந்து இன்னொரு மாவட்டத்து மாட்டைத் தின்னுட்டு வரும்.

இப்ப எல்லாம் சரியாகிடுச்சுன்னே வெச்சுக்கலாம், தானா திரும்பிடுமான்னா, வருஷத்துக்கு 5 சதவீதம் கூடுச்சுன்னாலே பெரிய விஷயம், அந்த வேகத்துல ரெட்டிப்பாக 14 வருஷம் ஆகும். 1000ல 1 மிஞ்சியிருந்தா பழைய கணக்குக்குப் பத்து தடவை ரெட்டிப்பாகணும், அது 140 வருஷம். இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பாறு வானத்துல இன்னொரு பாறு இறங்கறதைப் பாத்துத்தான் தீனி இருக்கற இடத்தைக் கண்டுபிடிக்கும், அதனால எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சா மிஞ்சினதும் பட்டினி கிடக்க வேண்டி வரும்.

தமிழ்நாட்டுல மாயாறு பள்ளத்தாக்குலதான் இன்னும் நல்லா மிஞ்சியிருக்கு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் சேந்து 2023 பிப்ரவரியில எடுத்த கணக்கெடுப்புல 246, அதே வருஷக் கடைசியில எடுத்ததுல 320. இது பெருகினதுன்னு சொல்ல மாட்டேன், தேடின இடமும் ஆளும் மாறினாலே எண் மாறும், ஆனாலும் கேட்டப்ப சந்தோஷமா இருந்துச்சு. அந்தப் பக்கம் ஒரு தடவை தன்னார்வலரா போனப்ப ஆத்தோரம் ஒரு நீர்மருது மரத்துல கூடு காட்டினாங்க, பைனாகுலர்ல ஒரு குஞ்சு தலை மட்டும் தெரிஞ்சுது. அது ஜோடி சேந்து முதல் முட்டை வைக்க அஞ்சு வருஷம் ஆகும், அதுக்குள்ள அது திங்கப்போறது 600 சாப்பாடு. அந்த 600ம் சுத்தமா இருக்கணும்.