கோப்ராவா, ஜிடி40-ஆ? ரெப்ளிகா கிட் வாங்கும் முன்

கேள்வி: சின்ன வயதிலிருந்தே 1960-களின் பந்தயக் கார்கள் மேல் எனக்குப் பைத்தியம். இப்போது வயது 46. ஒரு ரெப்ளிகா கிட் (அந்தக் கார்களின் நகலை நாமே கட்டுவதற்கான பாகத் தொகுப்பு) வாங்கி, வார இறுதிகளில் நானே கட்டலாம் என்று இருக்கிறேன். ஏசி கோப்ராவா, ஃபோர்டு ஜிடி40-ஆ என்பதில்தான் குழப்பம். உயரம் 188 செ.மீ. ஒரு கார் தாராளமாக நிற்கும் கொட்டகை இருக்கிறது. எஞ்சின் கழற்றி மாட்டிய பழக்கம் உண்டு, வெல்டிங் தெரியாது. பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுவேன், வருடத்துக்கு ஓரிரு முறை பந்தயத் தடத்தில். எந்தக் கிட்டை, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கோப்ரா. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே இந்த விடையைச் சொல்லிவிடுகின்றன. ஆனால் எந்தக் கோப்ரா, யாருடைய கிட் என்பதுதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வி.

முதலில் ஜிடி40-ஐ ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெயரில் உள்ள 40 அதன் உயரம்: 40 அங்குலம், அதாவது சுமார் 102 செ.மீ. அந்த உயரத்துக்குள் தரை, இருக்கை, நீங்கள், தலைக்கவசம் எல்லாம் அடங்க வேண்டும். 1967-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற, ஜிடி40 வரிசையின் மார்க் 4 காரில், அதை ஓட்டிய உயரமான டான் கர்னியின் தலைக்கு இடம் கொடுக்கக் கூரையிலேயே ஒரு புடைப்பு வைத்தார்கள். அது அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் உயரத்தில் ஒருவர் முதல் வடிவமான மார்க் 1 ரெப்ளிகாவுக்குள் உட்கார்ந்து பார்த்தால் காரணம் உடனே புரியும்.

உயரம் மட்டுமே பிரச்சினை என்றால் இருக்கையைத் தரையோடு பதித்துச் சமாளிக்கலாம். ஆனால் ஜிடி40-இல் எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ரேடியேட்டரோ மூக்கில். வெந்நீர் அந்த முழு நீளத்தையும் குழாய்களில் போய்வர வேண்டும். அந்தக் குழாயில் எங்காவது காற்றுக்குமிழி சிக்கினால் எஞ்சின் சூடேறும், அதை வெளியேற்ற வழியை முதலிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸ். எஞ்சின் நடுவில் இருக்கும் காரில் கியர்பாக்ஸும், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் வரும் டிரான்ஸ்ஆக்சில் வேண்டும். வி8 எஞ்சினின் முறுக்கு விசையைத் தாங்கும் டிரான்ஸ்ஆக்சில் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். இதெல்லாம் இரண்டாவது கார் கட்டுகிறவருக்கு உற்சாகமான வேலை. முதல் காருக்கு வேண்டாம்.

கோப்ராவில் எஞ்சின் முன்னால், அதன் பின்னால் சாதாரண கியர்பாக்ஸ், பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில். எல்லாவற்றையும் கை எட்டும். ஏதாவது கெட்டால் பானெட்டைத் திறந்து நின்றபடியே பார்க்கலாம். ஆனால் இதிலும் கால் வைக்கும் இடம் குறுகல். எஞ்சின் பின்னோக்கித் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் பெடல்கள் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், அந்த அளவும் கிட்டுக்குக் கிட் மாறும். அதனால் கட்டி முடித்த ஒரு காரில், நீங்கள் ஓட்டும்போது போடும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். முடிந்தால் ஓட்டுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தால் அந்தக் கிட் உங்களுக்கானதல்ல, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. பக்கவாட்டில் போகும் சைலன்சர் குழாய்களையும் கவனியுங்கள். இறங்கும்போது காலைச் சுட்டுக்கொள்ளாத கோப்ரா உரிமையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வெப்பக் கவசம் போட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

கோப்ரா என்று சொன்னாலும் அது ஒரே கார் இல்லை. அமெரிக்காவின் முன்னாள் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி 1962-இல், பிரிட்டனின் ஏசி நிறுவனத்தின் ஏஸ் காரில் ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்து இதைத் தொடங்கினார். எஞ்சின் கொள்ளளவு முதலில் 260 கன அங்குலம், பிறகு 289. குறுகிய உடல், தகட்டு வில் சஸ்பென்ஷன். 1965-இல் 427 கன அங்குல எஞ்சின், அதாவது 7 லிட்டர், வந்தபோது சேசிஸையே, அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தையே, மாற்றினார்கள்: பருமனான குழாய்கள், சுருள் வில்கள், அகன்ற சக்கர வளைவுகள். சந்தையில் இருக்கும் கிட்டுகளில் பெரும்பாலானவை இந்த அகன்ற உருவத்தையே பின்பற்றுகின்றன. எனக்குத் தனிப்பட்ட முறையில் 289-இன் மெலிந்த உடல்தான் அழகு. ஆனால் உங்கள் உடல்வாகுக்கும் முதல் முயற்சிக்கும் அகன்ற உருவமே வசதி, கிட்டுகளும் அதில்தான் அதிகம்.

சரி, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் உடலைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, உடலைக் கடைசியில் பாருங்கள். ஃபைபர்கிளாஸில் இருக்கும் குறையைப் பொறுமையாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். சேசிஸில் இருக்கும் குறையோடுதான் நீங்கள் காலம் தள்ள வேண்டும்.

உடல் மாட்டாத வெறும் சேசிஸைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் தயாரிப்பாளரை விட்டுவிடலாம். இரண்டு நீளக் குழாய்களையும் சில குறுக்குக் குழாய்களையும் ஏணி மாதிரி இணைத்திருந்தால் அது முறுக்கு விசையை நன்றாகத் தாங்காது. கூரை இல்லாத காரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் உடல் எந்த உதவியும் செய்யாது. குறுக்கே எக்ஸ் வடிவ இணைப்போ, டேஷ்போர்டுக்குக் கீழே உயரமான சட்டமோ, முக்கோணங்களாகப் பின்னிய குழாய்களோ இருக்கிறதா என்று பாருங்கள். சஸ்பென்ஷன் கைகள் வந்து சேரும் இடங்களை விரலால் தடவுங்கள். அந்தத் தாங்கிகள் ஒரு குழாயின் நடுவில் தனியாகத் தொங்கக் கூடாது. பல குழாய்கள் கூடும் முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கட்டி முடித்த காரில் நான் எப்போதும் செய்யும் ஒரு சோதனை உண்டு. முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். தூக்கும் முன்னும் பின்னும் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு இறுகிக்கொண்டாலோ சேசிஸ் முறுக்குகிறது. அப்படிப்பட்ட காரில் எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலும் பிடி கிடைக்காது.

அடுத்தது முன் சஸ்பென்ஷன். நான் கட்டிய முதல் ரெப்ளிகா, நல்ல தார்ச்சாலையில் அருமையாகப் போகும். ஒரு சிறு மேடு வந்தால் தானாக ஒரு பக்கம் துள்ளும். வீல் அலைன்மென்ட் பத்து முறை செய்தும் பயனில்லை. பிறகுதான் கண்டுபிடித்தேன்: கிட்டில் வந்த ஸ்டீயரிங் ரேக் வேறொரு காருடையது, தேவையானதைவிட நீளம். சக்கரம் மேலேறும்போது சஸ்பென்ஷன் கைகள் ஒரு வட்டத்தில் நகர்கின்றன, ஸ்டீயரிங் கம்பியும் தன் போக்கில் ஒரு வட்டத்தில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டீயர் என்பார்கள். தயாரிப்பாளரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்: சக்கரம் மேலும் கீழும் முழுதாக நகரும்போது அது எவ்வளவு திரும்புகிறது? அளந்து வைத்திருப்பவர் உடனே எண்ணைச் சொல்வார். மழுப்பினால் அளக்கவில்லை என்று அர்த்தம். வாங்கிய பிறகு நீங்களும் வில்லைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை ஏற்றி இறக்கி அளந்து பார்க்கலாம், அரை நாள் வேலைதான்.

டோனர் கார் பற்றிப் பலருக்குச் சந்தேகம் வரும். ஒரு பழைய காரை வாங்கி அதன் ஹப், பிரேக், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் கிட்டுக்கு மாற்றுவது ஒரு வழி. எல்லாம் புதிதாக வரும் கிட் இன்னொரு வழி. டோனர் வழி மலிவு போலத் தெரியும். கழற்றி, துரு நீக்கி, பேரிங்கும் புஷ்ஷும் மாற்றி முடிக்கும்போது அந்த மிச்சம் பெரிதாக இருக்காது, பல மாத வார இறுதிகளும் போயிருக்கும். உங்கள் கை கட்டுவதில் ஆசைப்படுகிறது, துரு சுரண்டுவதில் அல்ல. பணம் இடம் கொடுத்தால் புதிய பாகங்களோடு வருவதை வாங்குங்கள். டோனர்தான் என்றால், பாகங்கள் எல்லாம் ஒரே மாடலிலிருந்து வரும் கிட்டாக இருக்கட்டும். நான்கு கார்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கும் கிட்டில் பத்து வருடம் கழித்து ஒரு பிரேக் பேட் தேடுவதே பெரும்பாடு.

வெல்டிங் தெரியாது என்பது தடையே இல்லை. நல்ல கிட்டில் எல்லாத் தாங்கிகளும் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டிருக்கும், உங்கள் வேலை போல்ட்டும் நட்டும்தான். இதைத் தெரிந்துகொள்ள, பணம் கட்டும் முன் கட்டும் முறைக் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் எங்காவது "பொருத்தமான இடத்தில் தாங்கியைப் பற்றவைக்கவும்" என்ற மாதிரி வரி வந்தால், அந்த வேலையை அவர்கள் உங்கள் தலையில் கட்டுகிறார்கள். "முழுமையான கிட்" என்ற சொல்லையும் நம்பாதீர்கள். எதெல்லாம் வராது என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம், டயர், பெயின்ட் ஆகியவை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். பெயின்ட் வேலை பெரும்பாலானவர்களின் கணக்கைக் கவிழ்க்கிறது. பெட்டியிலிருந்து வரும் உடலை நேராகப் பெயின்ட் அடிக்க முடியாது, அச்சு சேர்ந்த கோடுகளைத் தேய்த்து, கதவு இடைவெளிகளைச் சமமாக்கிய பிறகுதான்.

உடலைப் பார்க்கும்போது ஒரு குழல் விளக்கின் பிரதிபலிப்பைப் பக்கவாட்டில் ஓடவிட்டுப் பாருங்கள். கோடு நெளிந்தால் மேற்பரப்பில் அலை இருக்கிறது. பிறகு குனிந்து உள்பக்கம் பாருங்கள், கண்ணாடி இழை வறண்டு வெளியே தெரியக் கூடாது. கதவுக் கீல் பொருந்தும் இடத்தில் உள்ளே உலோகத் தகடு பதித்திருக்க வேண்டும்.

எஞ்சினில் 427 என்ற எண்ணுக்காக மயங்க வேண்டாம். அசல் சாலைக் கார்கள் சிலவற்றிலேயே 427-க்குப் பதில் 428 எஞ்சின்தான் வைத்து அனுப்பினார்கள். அந்தப் பெரிய இரும்பு எஞ்சின் முன் சக்கரங்கள் மேல் பாரமாக உட்காரும். 289-இன் வழிவந்த ஃபோர்டு 302, 5 லிட்டர், இலகுவானது, உதிரிபாகமும் ஏராளம். ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடையுள்ள, மின்னணுப் பாதுகாப்பு எதுவும் இல்லாத காருக்கு அது தாராளம். மழையில் ஓட்டும்போது அதுவே அதிகமாகப் படும்.

பதிவு விஷயத்தை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நீங்கள் வசிக்கும் இடத்தின் வாகனப் பதிவு அலுவலகத்தில், தனிநபர் கட்டிய காருக்கு என்ன பரிசோதனை, எஞ்சினின் புகைக்கு எந்த ஆண்டின் விதி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். எஞ்சின் தேர்வே இதைப் பொறுத்து மாறலாம். எல்லா ரசீதுகளையும், ஒவ்வொரு கட்டத்தின் படங்களையும் தேதியோடு வையுங்கள். ஏதோ ஒரு பழைய காரின் ஆவணத்தைச் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள், அது மோசடி.

பாதியில் நின்றுபோன கிட்டை யாராவது விற்க வந்தால், மலிவாகத் தோன்றும். சேசிஸ் எண்ணும் அசல் ரசீதும் பொருந்துகின்றனவா, கையேடு இருக்கிறதா, அந்தத் தயாரிப்பாளர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் வாங்கலாம். ஆனால் முந்தையவர் போட்ட பிரேக் குழாய்களையும் வயரிங்கையும் முழுதாகப் பிரித்துவிட்டு நீங்களே புதிதாகப் போடுங்கள்.